எந்த அஃபிலியேட் திட்டத்தை எடுத்துச் செய்யலாம்? நம்ம பக்கத்தில் செய்கிறவர்கள் சொல்லுங்கள்

தேவகோட்டை அடுப்படி

எல்லோருக்கும் வணக்கம். சமையல் சேனல் ஒன்றும் கூடவே ஒரு வலைத்தளமும் வைத்திருக்கிறேன், செட்டிநாட்டுச் சமையல்தான் முக்கால்வாசி. பார்க்கிறவர்களில் பாதிப்பேர் தமிழ்நாடு, மீதியில் சிங்கப்பூர், மலேசியா அதிகம். எந்த வீடியோ போட்டாலும் செய்முறையைப் பற்றிக் கேட்பதை விட "அந்தக் குழிப்பணியாரச் சட்டி எங்கே வாங்கினீர்கள்", "மசாலா இவ்வளவு நைசாக அரைபடுகிறதே என்ன மிக்ஸி", "தேன்குழல் அச்சு பித்தளையா" என்றுதான் நிறையப் பேர் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் பதில் எழுதுகிற நேரத்தில் ஒரு இணைப்பைக் கொடுத்து, அதில் போய் அவர்கள் வாங்கினால் எனக்கும் கொஞ்சம் கமிஷன் வந்தால் நல்லதுதானே, அதைத்தான் அஃபிலியேட் திட்டம் என்கிறார்கள்.

விசாரித்ததில் நாலு வழி வந்திருக்கிறது. ஒன்று அமேசான், கமிஷன் சதவீதம் குறைவு. இரண்டாவது ஒரு வெப் ஹோஸ்டிங் நிறுவனம் (வலைத்தளம் வைக்க இணையத்தில் இடம் தருகிறவர்கள்), ஒரு ஆள் சேர்ந்தால் ஆயிரக்கணக்கில் தருகிறார்கள். மூன்றாவது ஒரு ஆன்லைன் கோர்ஸ், 50 சதவீதம் கமிஷன், ஆனால் முதலில் நான் அந்தக் கோர்ஸை வாங்கினால்தான் பார்ட்னர் ஆக முடியும். நாலாவது, சென்னையில் இருக்கும் தோழி சொன்னது, ஷேர் டிரேடிங் ஆப், விளையாட்டு ஆப் போன்றவற்றின் இணைப்பு. எதை எடுக்கலாம்?

கோட்டையூரான்

அக்கா, சதவீதத்தை எல்லாவற்றுக்கும் கடைசியாகப் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது உங்களிடம் ஏற்கெனவே என்ன கேட்கிறார்கள் என்பதை. சட்டி கேட்கிறார்கள், மிக்ஸி கேட்கிறார்கள். ஹோஸ்டிங் யாராவது கேட்டார்களா? கேட்டிருக்க மாட்டார்கள்.

கணக்கு போட்டுப் பார்ப்போம். நான் சொல்லும் எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் எண் வேறாக இருக்கும். 4,000 ரூபாய் மிக்ஸி, கமிஷன் 4 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஒன்று விற்றால் 160 ரூபாய். உங்கள் வீடியோவைப் பார்த்து 100 பேர் இணைப்பைத் தட்டி அதில் 4 பேர் வாங்கினால் 640. ஒருவர் திருப்பி அனுப்பிவிட்டால் அந்தக் கமிஷனும் போய்விடும், 480. ஹோஸ்டிங்கில் ஒரு விற்பனைக்கு 3,000 ரூபாய் என்று வைப்போம். சமையல் பார்க்க வந்த 1,000 பேர் தட்டினால் ஒருவர் வாங்குவாரா என்பதே சந்தேகம், வாங்கினார் என்றே வைத்தாலும் 100 தட்டலுக்கு 300 ரூபாய்தான் ஆகிறது. பார்க்கும்போது பெரிதாகத் தெரிந்த தொகை உங்கள் இடத்தில் சின்னதாகிவிட்டது. 100 பேர் தட்டினால் கையில் எவ்வளவு நிற்கிறது, இது ஒன்றுதான் ஒரு திட்டத்தையும் இன்னொன்றையும் நேருக்கு நேர் வைத்துப் பார்க்க உதவும் எண். ஹோஸ்டிங் கெட்டது என்று சொல்லவில்லை. வலைத்தளம் கட்டுவது எப்படி என்று சொல்லித்தருகிறவருக்கு அதுதான் முதல் தேர்வாக இருக்கும்.

அப்புறம் குக்கீ. உங்கள் இணைப்பைத் தட்டியவர் எத்தனை நாளுக்குள் வாங்கினால் உங்கள் கணக்கில் சேரும் என்கிற கெடு அது. அமேசானில் 24 மணி நேரம்தான். அதற்குள் பொருளைக் கார்ட்டில் போட்டு வைத்துவிட்டால் 90 நாள் வரை செல்லும். நம் ஆட்கள் ஆடியில் பார்த்து வைத்துத் தீபாவளித் தள்ளுபடியில் வாங்குகிறவர்கள், அந்த விற்பனை எதுவும் உங்கள் பேரில் வராது. அதனால் விலை அதிகமான கிரைண்டர், மிக்ஸி வீடியோக்களைத் தள்ளுபடிக் காலத்துக்கு ஒரு வாரம் முன்னால் வருகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். சில தனி நிறுவனத் திட்டங்களில் 30 நாள், 60 நாள், 90 நாள் என்றெல்லாம் குக்கீ உண்டு, யோசித்து வாங்கும் பொருளுக்கு அந்த மாதிரித் திட்டம்தான் சரி.

இன்னொரு விஷயம், யாரும் முதலில் சொல்ல மாட்டார்கள். விகிதத்தை அவர்கள் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். 2020 ஏப்ரலில் அமெரிக்க அமேசான் மேசை நாற்காலி வகைக்கு 8 சதவீதமாக இருந்ததை 3 ஆகவும், மளிகைக்கு 5 ஆக இருந்ததை 1 ஆகவும் ஒரே அறிவிப்பில் குறைத்தது. அதை மட்டும் நம்பித் தளம் நடத்தியவர்களின் வருமானம் பாதிக்கும் கீழே போனது. ஒரே நிறுவனத்தின் மேல் முழு வருமானத்தையும் ஏற்றி வைக்காதீர்கள்.

தேவகோட்டை அடுப்படி

நன்றி தம்பி. இந்தக் கோணத்தில் யோசிக்கவே இல்லை. சிங்கப்பூர், மலேசியாக்காரர்களை என்ன செய்வது? அவர்கள்தான் அதிகம் கேட்கிறார்கள், வாங்கவும் செய்வார்கள்.

கோட்டையூரான்

இந்திய அமேசான் இணைப்பால் அவர்களுக்கு ஒன்றும் ஆகாது. சிங்கப்பூரில் அமேசான் தனித்தளமே வைத்திருக்கிறது, அதற்குத் தனியாகச் சேர வேண்டும். மலேசியாவில் அமேசான் கடை இல்லை, அங்கே ஷாப்பீ, லசாடாதான், இரண்டுக்கும் அஃபிலியேட் திட்டம் உண்டு. ஒரே பொருளுக்கு நாட்டுக்கு ஒரு இணைப்பாக மூன்று கொடுத்துவிடுங்கள்.

புதுவயல் தம்பி

எல்லாரும் அமேசான் அமேசான் என்றே சொல்கிறீர்கள். நான் அந்தக் கோர்ஸில்தான் இருக்கிறேன். 50 சதவீதம் என்பது சாதாரணம் இல்லை அக்கா. என் கூடப் படித்தவன் ஒருவன் நன்றாகவே சம்பாதிக்கிறான், கண்ணால் பார்த்தேன். ஒரு விற்பனை, அமேசானில் மாதம் முழுவதும் வருவது ஒரே நாளில் வந்துவிடும்.

கோட்டையூரான்

தம்பி, உன்னைக் குறை சொல்ல வரவில்லை, ஒரு கேள்வி மட்டும். அந்தக் கோர்ஸில் என்ன சொல்லித்தருகிறார்கள்?

புதுவயல் தம்பி

அஃபிலியேட் மார்க்கெட்டிங், இன்ஸ்டாகிராமில் ஆள் சேர்ப்பது, பேசும் விதம், ரீல்ஸ்.

கோட்டையூரான்

அதாவது அதே கோர்ஸை விற்பது எப்படி என்று. இங்கேதான் நிற்க வேண்டும். கமிஷனே கிடையாது என்று நாளைக்கு அறிவித்தால் அந்தக் கோர்ஸை எத்தனை பேர் வாங்குவார்கள்? மிக்ஸியில் கமிஷனை நிறுத்தினாலும் மிக்ஸி விற்கும், ஏனென்றால் மசாலா அரைக்க வேண்டியவர் வாங்குகிறார். இந்தக் கோர்ஸில் வாங்குகிறவர் எல்லோரும் விற்கப் போகிறவர்கள். கடைசியில் சேர்ந்தவருக்கு விற்க ஆள் இருக்காது, அவர் கட்டிய பணம்தான் மேலே இருப்பவர்களுக்குக் கமிஷனாகப் போயிருக்கும்.

சட்டமும் இதைச் சும்மா விடவில்லை. 1978இலேயே பரிசுச் சீட்டு, பணச் சுழற்சித் திட்டங்களைத் தடை செய்யும் மத்தியச் சட்டம் வந்துவிட்டது. 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகள் ஆள்மேல் ஆள் சேர்க்கும் பிரமிட் முறையையும், நேரடி விற்பனை என்ற பெயரில் பணச் சுழற்சி நடத்துவதையும் தடை செய்கின்றன. விற்பனையாளராகச் சேர நுழைவுக் கட்டணம் வாங்கக் கூடாது என்பதும் அதில் இருக்கிறது. உன் கோர்ஸ் அதற்குள் வருமா என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. நல்ல அஃபிலியேட் திட்டம் எதுவும் சேருவதற்குப் பணம் கேட்காது, பொருளை நீ வாங்கித்தான் ஆக வேண்டும் என்றும் சொல்லாது. பணம் கேட்டால் அந்தப் பக்கமே போக வேண்டாம். உன் நண்பன் சம்பாதித்தது உண்மையாகவே இருக்கும், அவன் முன்னால் சேர்ந்தவன்.

பள்ளத்தூர் ஆச்சி

இதை நான் பக்கத்திலிருந்து பார்த்தவள். எங்கள் தெருவில் ஒரு பெண் நகையை அடகு வைத்து இந்த மாதிரி ஒன்றில் சேர்ந்தாள், சொந்தக்காரர்களிடமே விற்கப் பார்த்தாள், இப்போது விசேஷ வீட்டுக்கு வந்தால்கூட யாரும் அவளிடம் உட்கார்ந்து பேசுவதில்லை. பணம் போனதை விட அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தேவகோட்டைப் பெண்ணே, உன்னை நம்பிச் சமையல் பார்க்கிற பிள்ளைகளிடம் அதை விற்காதே.

தேவகோட்டை அடுப்படி

இல்லை ஆச்சி, அதை விட்டுவிட்டேன். டிரேடிங் ஆப்?

கணக்கர் காரைக்குடி

அதையும் விட்டுவிடுங்கள். விளையாட்டு ஆப் முதலில். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடை செய்கிறது. நடத்துகிறவர் மட்டும் அல்ல, விளம்பரம் செய்கிறவரும் குற்றவாளிதான், 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். உங்கள் வீடியோவுக்குக் கீழே ஒரு இணைப்பு கொடுப்பதை விளம்பரம் இல்லை என்று வாதாட முடியாது. டிரேடிங் ஆப் விஷயத்தில் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி கடுமையாக இருக்கிறது, பதிவு பெறாமல் பங்கு ஆலோசனை சொல்கிறவர்களோடும் லாபம் வரும் என்று ஆசை காட்டுகிறவர்களோடும் பதிவு பெற்ற தரகர்கள் பணத் தொடர்பு வைக்கக் கூடாது என்று 2024இல் விதி கொண்டுவந்தார்கள். சமையல் சேனலில் அந்தத் தலைவலி எதற்கு.

வரியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், யாரும் கேட்பதில்லை, மார்ச் கடைசியில்தான் ஓடி வருகிறார்கள். கமிஷன் என்று கொடுக்கும் இந்திய நிறுவனம் டிடிஎஸ் என்ற வரியை முன்கூட்டியே பிடித்துக்கொண்டுதான் கொடுக்கும். முன்னால் 5 சதவீதம், 2024 அக்டோபரிலிருந்து 2 ஆனது. ஒரு நிறுவனத்திடமிருந்து ஆண்டுக்கு வருவது 15,000 தாண்டினால் என்று இருந்த வரம்பு 2025 ஏப்ரலில் 20,000 ஆனது. பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம் பிடித்துவிடுவார்கள், அதனால் சேரும் அன்றே பான் சரியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பிடித்த தொகை வருமான வரித் தளத்தில் உங்கள் பேரில் ஏறியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். டிடிஎஸ் பிடித்துவிட்டார்கள், வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள், அது முன்பணம்தான், வருமானத்தைக் கணக்கில் காட்டத்தான் வேண்டும். ஜிஎஸ்டி இப்போதைக்கு உங்களுக்கு வராது, சேவை வகையில் மொத்த வரவு ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டும்போது பதிவு செய்தாக வேண்டும்.

கோட்டையூரான்

கணக்கர் அண்ணே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பணம் எப்போது வரும் என்பதையும் சேருமுன் பாருங்கள். அமேசான் ஒரு மாதத்தின் கமிஷனை அந்த மாதம் முடிந்து ஏறக்குறைய 60 நாள் கழித்துத்தான் தரும், பொருள் திரும்பி வரும் காலம் கழிய வேண்டும் என்பதற்காக. அது நியாயம். ஆனால் பல நிறுவனங்களின் திட்டங்களை ஒரே இடத்தில் தரும் சில சின்ன நெட்வொர்க்குகளில் "சரிபார்ப்பில் இருக்கிறது" என்று மாதக்கணக்காக நிற்கும், பிறகு காரணம் சொல்லாமல் பாதியை ரத்து செய்துவிடுவார்கள். எனக்கே ஒரு நெட்வொர்க்கில் அப்படி ஆனது, பெயர் வேண்டாம். அப்போதிலிருந்து எந்தத் திட்டத்தில் சேரும் முன்னும் அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போடுவேன், ரத்தாகும் விகிதம் எவ்வளவு, என்ன காரணத்துக்கு ரத்து செய்வீர்கள் என்று. பதில் வராவிட்டால் சேருவதில்லை. சேருமுன்பே பதில் சொல்லாதவர் பணம் நிற்கும்போது எங்கே சொல்லப் போகிறார்.

அமேசானில் சேர்ந்தால் 180 நாளுக்குள் 3 விற்பனை ஆக வேண்டும், இல்லையென்றால் கணக்கை மூடிவிடுவார்கள். உங்கள் இணைப்பில் நீங்களே வாங்கினால் கமிஷன் கிடையாது, கணக்குக்கே ஆபத்து. வீட்டில் உள்ளவர்களை வாங்கச் சொல்லியும் செய்யாதீர்கள். விலையை நீங்களாகத் தட்டச்சு செய்து தளத்தில் போடவும் கூடாது, அவர்கள் விலை நாளுக்கு நாள் மாறும். விதிகளை ஒரு தடவை உட்கார்ந்து முழுக்கப் படித்துவிடுங்கள், நீளமாகத்தான் இருக்கும்.

ஆத்தங்குடி டைல்ஸ் வீடு

நான் கொஞ்சம் வேறு பக்கமாகப் பேசுகிறேன். எங்கள் வீட்டில் டைல்ஸ் போடுகிறோம். நீங்கள் எல்லோரும் வெளியூர் நிறுவனத்தின் திட்டத்தையே பேசுகிறீர்கள், நம் ஊரில் விற்கத் தெரியாமல் நல்ல பொருளை வைத்திருக்கிறவர்களோடு நேராகப் பேசி ஒரு ஏற்பாடு செய்துகொண்டால் என்ன? எங்களுக்கு இரண்டு வருடமாக ஒரு பெண் அப்படித்தான் ஆள் அனுப்புகிறார். பழைய செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி எழுதுகிறவர். அவருக்கென்று வைத்த அடையாளச் சொல்லை, அதாவது கோடை (code), சொல்லி வருகிற ஆர்டருக்குச் சதுர அடிக் கணக்கில் கொடுத்துவிடுகிறோம்.

இதில் கிளிக்கும் குக்கீயும் உதவாது என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். வீடு கட்டுகிறவர் இன்றைக்குக் கேட்பார், தரை போட எட்டு மாதம் ஆகும். அதுவரை எந்தக் குக்கீயும் நிற்காது. அதனால் ஒரு சொல்லைக் கோடாக வைத்துக்கொண்டு, விசாரிக்கும்போதே நோட்டில் எழுதிவிடுவோம், இன்னார் அனுப்பியது என்று. முன்பணம் வந்ததும் கொடுப்பதில்லை, சரக்கு போய்ச் சேர்ந்து முழுப்பணமும் வந்த பிறகுதான். இதை முதலிலேயே பேசித் தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

விற்கிறவர் என்ன சொல்கிறார் என்பதும் எங்களுக்கு முக்கியம். கண்ணாடி மேல் அச்சை வைத்துக் கையால் கலர் ஊற்றிப் போடும் கல் இது. தண்ணீரில் ஊறவைத்து வெயிலில் காயவைக்கிறோம். ஒவ்வொரு தடவையும் நிறத்தில் கொஞ்சம் வித்தியாசம் வரத்தான் செய்யும், தரையில் போட்டு நடக்க நடக்கத்தான் பளபளப்பு ஏறும். அந்தப் பெண் இதையெல்லாம் சொல்லித்தான் அனுப்புகிறார், அதனால் வருகிறவர் எங்களிடம் சண்டை போடுவதில்லை. மெஷின் டைல் மாதிரி ஒரே நிறம் என்று சொல்லி அனுப்பியிருந்தால் பாதி ஆர்டர் திரும்பி வந்திருக்கும்.

தேவகோட்டை அடுப்படி

இது எனக்குப் பிடித்திருக்கிறது. சீப்புச் சீடை, மணகோலம், தேன்குழல் செய்து விற்கிறவர்கள் எனக்கு மூன்று பேரைத் தெரியும். வெளிநாட்டில் கேட்கிறார்கள். கண்டாங்கிச் சேலையும் கேட்கிறார்கள், 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு இன்னும் அதிகம்.

ஆத்தங்குடி டைல்ஸ் வீடு

செய்யுங்கள். பலகாரம் என்றால் அவர்களிடம் உணவுப் பாதுகாப்பு உரிமம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இல்லாதவரை விளம்பரப்படுத்தாதீர்கள். பெட்டியில் எண் அச்சடித்திருப்பார்கள். சேலை என்றால் தறிக்காரரிடமே போய்ப் பாருங்கள், கண்டாங்கி மாதிரிக் கட்டம் போட்ட மில் சேலையும் நிறைய ஓடுகிறது.

கானாடுகாத்தான் பெரியவர்

பிள்ளைகள் பேசுவதைப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஐயா பர்மாவில் ஒரு வட்டிக்கடையில் மேலாளாக இருந்தவர். கடை முதலாளி ஊரில் இருப்பார், மேலாளுக்கு மூன்று வருடக் கணக்கு, சம்பளம் பேசி அனுப்புவார்கள். திரும்பி வந்து கணக்கு ஒப்படைக்கும்போது லாபத்தைப் பொறுத்து மேற்கொண்டு தருவார்கள். எவ்வளவு கடன் கொடுத்தான் என்று பார்த்து இல்லை, எவ்வளவு திரும்பி வந்தது என்று பார்த்து. நீங்கள் சொல்லும் திருப்பி அனுப்பிய பொருளுக்குக் கமிஷன் இல்லை என்பதும் அதே முறைதான், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. விற்ற கையோடு கமிஷனைத் தருகிறேன், பொருள் எப்படிப் போனாலும் உனக்குக் கவலை இல்லை என்று ஒருவன் சொன்னால்தான் யோசிக்க வேண்டும்.

கணக்கர் காரைக்குடி

ஐயா சொல்வது சரி.

அக்கா, இன்னொன்று, இணைப்பு போடும்போது கமிஷன் வரும் என்பதைச் சொல்ல வேண்டும். விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2021இல் வழிகாட்டுதல் கொடுத்தது, நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் தனியாகவே கொடுத்தது. தவறான விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை அபராதம் போட அதிகாரம் இருக்கிறது. சின்ன எழுத்தில் கடைசியில் போடாதீர்கள், வீடியோவில் வாயாலும் சொல்லுங்கள், தமிழிலேயே: இந்த இணைப்பில் வாங்கினால் எனக்குக் கமிஷன் வரும், உங்களுக்கு விலை கூடாது. இதைச் சொன்னால் ஆட்கள் ஓடிவிடுவார்கள் என்று பயப்பட வேண்டாம், நான் கணக்குப் பார்க்கும் சேனல்காரர்களில் சொல்கிறவர்களுக்குத்தான் நிலையாக வருகிறது.

புதுவயல் தம்பி

அண்ணே, கோர்ஸுக்குக் கட்டியதைத் திரும்பக் கேட்க முடியுமா?

கணக்கர் காரைக்குடி

அவர்கள் தளத்தில் திரும்பக் கொடுக்கும் கெடு போட்டிருப்பார்கள், அதற்குள் இருந்தால் இன்றைக்கே மின்னஞ்சலில் எழுதிக் கேள், போனில் பேசாதே. கெடு போயிருந்தாலும் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய். பணம் கட்டிய ரசீது, அவர்கள் வருமானம் பற்றி அனுப்பிய மெசேஜ், எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொள். அதுவரை யாரையும் அதில் சேர்க்காதே.

புதுவயல் தம்பி

சரி அண்ணே. எழுதிவிடுகிறேன்.

தேவகோட்டை அடுப்படி

எல்லோருக்கும் நன்றி. இப்படிச் செய்யலாம் என்று நினைக்கிறேன், சரியா என்று பாருங்கள். மிக்ஸி, கிரைண்டர், இரும்புச் சட்டிக்கு அமேசான், நான் வீட்டில் வைத்துப் புழங்குவதை மட்டும். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் தனி இணைப்பு. பலகாரத்துக்கு உரிமம் வைத்திருக்கும் ஒருவரோடு மட்டும் முதலில் கோடு வைத்து, பேசியதைத் தாளில் எழுதி. ஹோஸ்டிங், கோர்ஸ், ஆப் எதுவும் வேண்டாம்.

கோட்டையூரான்

சரியாக இருக்கிறது அக்கா. ஒவ்வொரு வீடியோவுக்கும் தனி டிராக்கிங் ஐடி வைத்துக்கொள்ளுங்கள், அமேசானிலேயே அந்த வசதி இருக்கிறது. இல்லாவிட்டால் எந்த வீடியோவிலிருந்து யார் வாங்கினார் என்று தெரியாது, மூன்று மாதம் கழித்து எதைத் தொடர்வது எதை விடுவது என்று முடிவெடுக்க முடியாது. தளத்தில் போடும் இணைப்புகளுக்கு, இது பணம் வரும் இணைப்பு என்று கூகுளுக்குச் சொல்லும் ஸ்பான்சர்டு என்ற குறியும் வையுங்கள், கூகுள் 2019இலிருந்து அதைக் கேட்கிறது.

கணக்கர் காரைக்குடி

வங்கியில் இதற்கென்று தனிக் கணக்கு ஒன்று திறந்துவிடுங்கள். வீட்டுச் செலவோடு கலந்துவிட்டால் மார்ச்சில் உங்களுக்கும் எனக்கும் சிரமம்.